ஸ்டார்ச்சை முதலில் ஊற்றியவர்கள்

நகரத்தின் அழுக்குத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், ஆய்வகம் என்று பெயர் வைக்கப்பட்ட இரண்டு அறைகளில், பதினைந்து வருடமாக உதவியாளராக இருந்தவளை எல்லோரும் சல்லடை அக்கா என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு தடவை சலித்துத்தான் உள்ளே போகும். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றால்கூட, "எத்தனை டிகிரி? எங்க பார்த்தீங்க?" என்பாள். இந்தக் குணத்தால் அவளுக்கு நண்பர்கள் குறைவு. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

உதவியாளர் என்பது பதவியின் பெயர்தான். பாட்டில் கழுவுவதில் தொடங்கி, தண்ணீர் எடுத்து வருவது, கரைசல் கலப்பது, சோதிப்பது, எண்களைப் பதிவேட்டில் ஏற்றுவதுவரை எல்லாம் அவள் கை. அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுவது மட்டும் வேதியியலர். அந்த மனிதர் கரைசல் சொட்டுவிடும் ஒரு பியூரெட் குழாயைத் தொட்டுப் பத்து வருடமாவது ஆகியிருக்கும். அதற்கு முன்னால் தொட்டாரா என்பதிலும் சல்லடைக்குச் சந்தேகம் உண்டு. பச்சை மைப் பேனாவும், முதுகுக்கு ஒரு திண்டும், படிக்காமலே பக்கத்தைத் திருப்பும் திறமையும்தான் அவருடைய உபகரணங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அவள் அளந்தபோது லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் வந்தது. மீன் மூச்சுத் திணறிச் சாகும் அளவு. நம்பாமல் மறுபடி இரண்டு தடவை செய்தாள், அதேதான். அறிக்கை வெளியே போனபோது முன்னால் இருந்த ஒன்று நாலாகியிருந்தது. "மேல கேள்வி கேப்பாங்கம்மா. ஒரு நம்பருக்காக ஊரைக் கூட்டணுமா?" என்றார் வேதியியலர். கையெழுத்து அவருடையது, ஆகவே எண்ணும் அவருடையது. சல்லடை பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டில் கழுவப் போனாள். அன்றைக்குப் பிடித்தது ஒரு வெறி. பகுப்பாய்வாளர் ஆகிவிட்டால் தன் அறிக்கையில் தானே கையெழுத்துப் போடலாம். பச்சைப் பேனா அதைத் தொட முடியாது.

அதற்குத் துறைத் தேர்வு உண்டு. நாற்பத்தைந்து வயதுக்குள் மூன்று தடவைதான் எழுதலாம், நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். இரண்டு தடவை எழுதித் தோற்றிருந்தாள். இரண்டாவது தடவை வெறும் ஏழு மதிப்பெண்ணில் போயிற்று. இப்போது வயது நாற்பத்துநாலும் எட்டு மாதமும்.

பாடம் சுற்றுச்சூழல் வேதியியல். பாடத்திட்டம் ஒரு பக்கம். புத்தகம் எதுவும் சொல்லவில்லை. சுற்றறிக்கையின் கடைசி வரியில், "தேர்வர்கள் இணையத்தில் உள்ள நம்பகமான மூலங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எது நம்பகமானதுன்னு இவங்களுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா பேரை எழுதியிருக்க மாட்டாங்களா?"

மதிய இடைவேளையில் தராசு அறையில் உட்கார்ந்து, ஃபோனைத் தராசுப் பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு தேடுவாள். என்னென்ன வந்தது என்கிறீர்கள்! அமில மழையைப் பற்றி நாலு வரி, அதற்கு நடுவில் முடி கொட்டுவதற்கு எண்ணெய் விளம்பரம் மூன்று. இரண்டு நிமிடம் மேளச் சத்தம் கொடுத்துவிட்டு, "வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு நாம ஓசோன்னா என்னன்னு பார்க்கப் போறோம்" என்று சொல்லி, கடைசிவரை ஓசோனைப் பார்க்காமலே விடும் இளைஞர்கள். படுக்கவைத்து ஸ்கேன் செய்த பக்கங்கள். அவற்றைப் படிக்க அவள் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேட்டதற்கெல்லாம் தேனொழுகப் பதில் சொல்லும் ஒரு செயலியும் கிடைத்தது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டாள். ஆசிரியர், பதிப்பு, பக்க எண் எல்லாம் சொல்லியது. தேடிப் பார்த்தால் அப்படி ஒரு புத்தகமே உலகத்தில் இல்லை. "அப்பாடா, நம்ம சாருக்கு ஒரு தம்பி பொறந்தாச்சு" என்றாள் சல்லடை.

அவளிடம் ஒரு வழி இருந்தது. தெரியாததைப் படிக்குமுன், தனக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த மூன்று விஷயங்களை அந்தத் தளத்தில் தேடிப் பார்ப்பாள். சோதனைப் பாட்டிலில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது என்று எச்சரிக்கிறானா? பிஎச் மீட்டரின் முனையைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு வைத்தால் கெட்டுப்போகும் என்று சொல்கிறானா? ஆக்சிஜன் சோதனையில் ஸ்டார்ச்சை எப்போது ஊற்றச் சொல்கிறான்? வேலை எங்கே தப்பிப்போகும் என்று சொல்லாதவன் அதைச் செய்தே பார்க்காதவன் என்பது அவள் கட்சி. இப்படிச் சலித்ததில் நூற்றுச் சொச்சம் தளங்கள் குப்பைக்குப் போயின. ஐந்து தேறின. ஐந்தும் ஆங்கிலம். ஒன்று, படமே இல்லாத ஓர் அரசு ஆய்வகத்தின் பக்கம். இன்னொன்று, எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கும் பேராசிரியர். ஒரு பாடத்தின் நடுவில் திரும்பி, "இது ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருடைய நாற்பது பாடங்களையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

தேர்வைத் தாய்மொழியில் எழுதப்போகிறவள் ஆயிற்றே, சொந்த மொழியிலும் பார்க்கலாம் என்று தேடியதுதான் வினை. நாற்பத்தொரு தளம் கிடைத்தது. நாற்பத்தொன்றும் ஈயடிச்சான் காப்பி.

இங்கே ஒரு நிமிடம் அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமொன்றுமில்லை. பாட்டில் தண்ணீரில் இரண்டு கரைசல்களை விட்டுக் கலக்கி, பிறகு அமிலம் விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, மஞ்சள் வெளிறிக்கொண்டே வரும். வைக்கோல் நிறத்துக்கு வெளிறியதும் ஸ்டார்ச்சை ஊற்ற வேண்டும். நீலமாகும். அந்த நீலம் மறையும்வரை சொட்டுவிட்டால் முடிந்தது. வெளிற விடுவது படி ஆறு, ஸ்டார்ச் படி ஏழு. நாற்பத்தொரு தளங்களிலும் இது தலைகீழாக இருந்தது. முதலில் ஸ்டார்ச்சை ஊற்றவும், பிறகு மஞ்சள் வெளிறும்வரை சொட்டுவிடவும் என்று எழுதியிருந்தது. ஸ்டார்ச்சை ஊற்றிய மாத்திரத்தில் பாட்டில் மைக்கூடு மாதிரிக் கறுத்துப்போகும். அதில் மஞ்சளை எங்கே போய்ப் பார்ப்பது? கண் இருக்கிற எவனாவது ஒரே ஒரு தடவை செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை, தேர்வுத் துறை வெளியிட்ட மாதிரி வினா விடையிலும் அதே வரிசை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன தடவை இந்தக் கேள்வி வந்திருந்தது. பத்து மதிப்பெண். அவள் சரியாக எழுதியிருந்தாள். ஏழில் தோற்றது ஏன் என்று இப்போது விளங்கியது.

"இதை முதல்ல எழுதினவன் எவன்னு கண்டுபிடிச்சு, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்காம விடமாட்டேன்" என்று வீட்டில் சபதம் போட்டாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "கேட்டுட்டு வாம்மா, நல்லா கேளு" என்றான்.

ஒவ்வொரு தளத்தின் அடியிலும் "நன்றி" என்று இன்னொரு தளத்தின் பெயர் இருக்கும். நூலைப் பிடித்துக்கொண்டு போவதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனாள். எல்லாவற்றிலும் படி நாலில் ஒரே அலங்காரம்: "பாட்டிலைத் தாலாட்டுவதுபோல் மெல்லக் கவிழ்த்துக் கலக்கவும்." அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாட்டிலைத் தாலாட்டறானாம்! தூளி கட்டிப் பாடவும் சொல்லியிருக்கலாமே, புண்ணியவான்!" என்று தராசு அறையில் தனியாகத் திட்டினாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது நூலின் மறுமுனை கிடைத்தது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கையேடு. அது இருந்த முகவரி அவளுடைய நிலையத்தின் பழைய இணையதளம். புதியது வந்தபிறகும் யாரும் அதை மூடவில்லை. முதல் பக்கத்தில் நிலையத்தின் வாசல் படம், கீழே ஆசிரியர் என்று வேதியியலரின் பெயர், அடியில் அவர் கையெழுத்து.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "மாட்டினீங்களா சார்!" என்று வாய்விட்டே சொன்னாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பொருளடக்கம். தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவில் புள்ளி புள்ளியாக நீண்ட கோடுகள், ஒன்றுக்கொன்று நீளம் சேராமல், ஓரம் கோணலாக. அந்தக் கோணலைப் பார்த்ததும் அவள் மணிக்கட்டு வலித்தது. ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிய மணிக்கட்டு அது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவம் முடிந்த நாலாம் மாதம், பாட்டில் கழுவ வந்தவளைக் கணினிமுன் உட்கார்த்தி, அறுபது பக்கத்தைப் பதினோரு நாளில் அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். பியூரெட் எதற்கு என்றே தெரியாத காலம். வேதியியலர் கையால் எழுதிய தாளில் படி நாலு "மெதுவாகக் கலக்கவும்" என்றுதான் இருந்தது. தாலாட்டைச் சேர்த்தவள் அவள். வீட்டில் குழந்தை, கண்ணில் தூக்கம், வேறு எதைச் சேர்ப்பாள்? அதே தாளில், ஸ்டார்ச் என்ற வரியை மறந்துவிட்டு அவர் பிறகு ஓரத்தில் எழுதி, ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். அம்பு ஆறாவது வரிக்குக் கீழே நுழையச் சொன்னது. அவள் மேலே நுழைத்துவிட்டாள்.

சல்லடைக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் நாற்பத்தொரு பேரைத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அரைவேக்காடு, ஈயடிச்சான், புண்ணியவான். தன்னைப் போன தடவை தோற்கடித்ததும் தானே என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கையேட்டின் ஒரு பிரதி அவள் கழுவும் தொட்டிக்கு மேலே அலமாரியில் பதினைந்து வருடமாக இருக்கத்தான் செய்கிறது. சோதனையை அவள் அடுத்தவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியவள். அதனால் அதை ஒருநாளும் எடுத்துத் திறந்ததில்லை.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டான் கணவன், சாயங்காலம்.

"தெரிஞ்சுது."

"யாரு அந்த முட்டாள்?"

"நான்தான்."

பெரிதாகச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். எல்லாவற்றையும் கேட்டபிறகு, "சரி, அதுக்கென்ன இப்ப? புத்தகத்துல அவரு பேருதானே இருக்கு? அவங்க கேக்கற மாதிரியே எழுதிட்டு வா. மொதல்ல பாஸ் பண்ணு. அப்புறம் நீ ராஜாத்தி, என்ன வேணா திருத்திக்க" என்றான்.

"லிஃப்ட்டுல பிரேக்கை நீங்க அப்படித்தான் மாட்டுவீங்களா? ஆளுங்க ஏறட்டும், அப்புறம் திருத்திக்கலாம்னு?"

அவன் பாத்திரத்துக்குத் திரும்பினான்.

மறுநாள் வேதியியலரிடம் போனாள். அவருடைய பூட்டிய அலமாரியில் தடித்த ஆங்கில முறைநூல் ஒன்று உண்டு. துறைக்குக் காட்ட வேண்டிய சரியான வரிசை அதில் இருக்கும். விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கேட்டாள்.

"என் பேர்ல வந்த புத்தகம்மா அது" என்றார் அவர், திண்டைச் சரிசெய்துகொண்டு. "பதினஞ்சு வருஷமா ஒருத்தரும் வாயத் திறக்கலை. இப்ப நீ கிளப்பினா யாருக்கு அசிங்கம்?"

"ரெண்டு பேருக்கும்தான் சார். நான் மாத்தி அடிச்சேன். நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டீங்க."

அவர் முகம் சுருங்கியது. "விசாரணைன்னு வந்தா உன் ப்ரமோஷன்தான் நிக்கும். பரீட்சை பாஸ் பண்ணாலும் தரமாட்டாங்க. யோசிச்சுக்க. சாவி எங்கயோ தொலைஞ்சுபோச்சு." சாவி அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

தேர்வில் ஏழாவது கேள்வியாக அது வந்தது. பத்து மதிப்பெண். சல்லடை அதை முதலிலேயே பார்த்துவிட்டாள். கடைசிவரை ஒதுக்கி வைத்தாள். மற்றவற்றை எழுதிக் கூட்டிப் பார்த்தால் எப்படிக் கூட்டினாலும் ஐம்பத்தாறைத் தாண்டவில்லை. இதைத் தப்பாக எழுதினால் பாஸ். அவள் பெரிய உத்தமி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேனா "முதலில் ஸ்டார்ச்" என்பதுவரை எழுதிவிட்டது. எழுதியதைப் பார்த்தாள். அந்தப் பத்து மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய், ஆற்றுத் தண்ணீர் அறிக்கையில் கையெழுத்துப் போடும் தன் கையை நினைத்துப் பார்த்தாள். அருவருப்பாக இருந்தது. அடித்துவிட்டு, வைக்கோல் நிறம், பிறகு ஸ்டார்ச் என்று சரியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரத்தில் துறை விடைக்குறிப்பை வெளியிட்டது. ஸ்டார்ச் முதலில். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு எழுதலாம் என்றிருந்தது. அந்த ஏழு நாளில் அவள் ஒரே வாளித் தண்ணீரிலிருந்து இருபது பாட்டில் நிரப்பினாள். பத்தைச் சரியான வரிசையில் செய்தாள், பத்தைக் கையேட்டின்படி. சரியானவை பத்தும் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தன. மற்ற பத்தும் குடிகாரன் நடைபோல் அங்குமிங்கும் போயின. கறுத்த பாட்டில்களைப் படம் எடுத்தாள். அரசு ஆய்வகப் பக்கத்தையும், முதுகைக் காட்டும் பேராசிரியர் ஸ்டார்ச் ஊற்றும் நிமிடத்தையும் குறித்து இணைத்தாள்.

படிவத்தில் "பிழை நேர்ந்த விதம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமனே விடலாம். விட்டால் துறை "அங்கீகரிக்கப்பட்ட கையேடு" என்று ஒரே வரியில் தள்ளிவிடும் என்று அவளுக்குத் தெரியும். எழுதினால் விசாரணை. அரைமணி நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: "மேற்படி கையேட்டைத் தட்டச்சு செய்தவள் நான். படி ஆறையும் ஏழையும் இடம் மாற்றியவள் நான்."

ஆறு வாரம் ஒரு சத்தமும் இல்லை. இடையில் இணையத்தில் மட்டும் சலசலப்பு. விஷயம் எப்படியோ கசிந்து மூன்று தளங்கள் வரிசையைத் திருத்தியிருந்தன. அதில் ஒன்று, "எங்கள் வல்லுநர் குழு நீண்ட ஆய்வுக்குப்பின் கண்டறிந்த திருத்தம்" என்று பெருமையடித்துக்கொண்டது. இன்னொன்று வம்பே வேண்டாம் என்று இரண்டு வரிசையையும் போட்டு, "எது வசதியோ அதைப் பின்பற்றவும்" என்றது. மீதிப் பேர் பாட்டிலைத் தாலாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு ஒரே நாளில் இரண்டு உறை வந்தன. அந்த அலுவலகத்தில் ஒரு பிரிவு எழுதுவது அடுத்த பிரிவுக்குத் தெரியாது. முதல் உறையில், விடைக்குறிப்பு திருத்தப்பட்டது, தேர்வர் அறுபத்தாறு மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்தார், இன்று முதல் பகுப்பாய்வாளராகப் பொறுப்பேற்கலாம் என்று இருந்தது. இரண்டாவது உறையில், அரசு வெளியீட்டில் பிழை உண்டாக்கிப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு எந்த உறையும் வரவில்லை. அவர் அன்று காலையிலேயே அவளிடம் வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சல்லடை தராசு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அவளுக்கிருந்த கோபத்தில் பேனா தானே ஓடியது. "தட்டச்சின்போது இரண்டு வரிகள் இடம் மாறின. மாற்றியது நான். ஆனால் இந்தக் கையேட்டைப் பார்த்து எழுதிய நாற்பத்தொரு தளங்களிலும், அதை வைத்துக் கேள்வி கேட்ட துறையிலும், பதினைந்து ஆண்டுகளில் ஒருவர்கூட ஒரு பாட்டிலை எடுத்து அதன்படி செய்து பார்க்கவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல."

நன்றாகத்தான் இருந்தது. இப்படி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தாள். வரிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது கடைசி வாக்கியத்தில் நின்றாள். கதவைத் திறந்துகொண்டு போய், தொட்டிக்கு மேலே இருந்த கையேட்டை எடுத்தாள். ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. பிரித்தபோது கிழிந்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு, "அதற்கு நான் பொறுப்பல்ல" என்பதை அடித்தாள். "ஒருவர்கூட" என்பதற்குப் பக்கத்தில், "நான் உட்பட" என்று சேர்த்தாள்.

பிறகு அடியில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக, பகுப்பாய்வாளர் என்று எழுதினாள்.